இருபத்து நான்கு ஓக் இலைகள்

நவம்பர் 11

உரக் கம்பெனிக்காரன் கொடுத்த இந்த டைரியில் இதுவரை பால் வராத நாட்களை மட்டும் குறித்து வைத்திருந்தேன். இன்று முதல் விஞ்ஞானம் எழுதப் போகிறேன். பிருந்தா வந்திருக்கிறாள்.

பிருந்தா என் தங்கை கமலவேணியின் மகள். கோயம்புத்தூரில் ஆராய்ச்சிப் படிப்பு. முடித்தால் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம், ஊசி போடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எங்கள் வம்சத்தில் எனக்கு அடுத்தபடி படிப்பாளி அவள்தான். நான் எட்டாம் வகுப்பு. அதை மூன்று வருடம் படித்தேன். கோத்தகிரி வட்டாரத்தில் எட்டாம் வகுப்பை அவ்வளவு ஆழமாகப் படித்தவர் வேறு யாரும் இல்லை.

அவளுடைய ஆராய்ச்சி ஓக் மரத்தில் வாழும் ஒரு சின்ன அந்துப்பூச்சியைப் பற்றியது. அரிசி மணியில் பாதிதான் இருக்குமாம். நான் காவல் காக்கும் பங்களாவில் இருபது ஓக் மரம் நிற்கிறது என்று போனில் சொல்லியிருந்தேன். வந்து பார்த்துவிட்டு ஐந்து என்றாள். மற்ற பதினைந்தும் சில்வர் ஓக், டீத் தோட்டத்தில் நிழலுக்கு வைக்கிற மரம். இங்கே எல்லோருக்கும் அதுதான் ஓக். அவள் கணக்கில் அது வேறு குடும்பம், ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. ஐந்து போதும் மாமா என்றாள். பெரிய மனசு.

நவம்பர் 13

இன்று காலை என்னை மரத்தடிக்குக் கூட்டிப்போய் ஓர் இலையை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். இலையின் நடுவில் வெளுத்துப்போய் ஒரு கொப்புளம். அதற்குள் புழு. இலைக்கு மேல் தோல் ஒன்று, கீழ்த் தோல் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் படுத்துக்கொண்டு பச்சையை மட்டும் தின்கிறது. அங்கேயே கூட்டுப்புழு ஆகி அங்கேயே சிறகு முளைத்து, ஒரு நாள் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. ஒரு காகிதத்தின் கனத்துக்குள் ஒரு வீடு, ஒரு சமையலறை.

இதெல்லாம் எனக்கு முப்பது வருடம் முன்பே தெரியும் என்றேன். டீ ஃபேக்டரியில் வேலை பார்த்தபோது மேனேஜரிடமே சொல்லியிருக்கிறேன் என்றும் சொன்னேன். பிருந்தா சிரித்தாள்.

பிறகு முக்கியமான விஷயத்துக்கு வந்தாள். இந்த ஓக் மரங்கள் வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து நட்டவை. பூச்சியும் கன்றோடு கன்றாகக் கப்பலேறி வந்ததா, இல்லை நம் ஊர்ப் பூச்சி ஒன்று தன் பழைய செடியை விட்டுவிட்டு இந்தப் புது மரத்துக்குக் குடிவந்ததா? இதுதான் அவள் கேள்வி. ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருக்கும் பூச்சிகள் நிறைய இருப்பதால் இறக்கையைப் பார்த்து மட்டும் அடையாளம் சொல்ல முடியாதாம். உடம்பை அறுத்துப் பெரிய கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்ப்பார்களாம். அதுவும் போதாதாம்.

"பூச்சியப் பாத்தா மட்டும் பத்தாதுங்க மாமா. அது எந்த எலைல இருந்து வந்துச்சுன்னு தெரியோணும். அது தெரியலைன்னா அது வெறும் பூச்சி."

நவம்பர் 20

இருபத்து நான்கு பிளாஸ்டிக் பெட்டிகள், அல்வாக் கடையில் கொடுப்பார்களே அந்த அளவு. ஒவ்வொன்றிலும் ஈரத் துணி, ஒரே ஒரு கொப்புளம் உள்ள ஒரே ஓர் இலை, மூடியில் நம்பர். கூடத்து மேசையில் வரிசையாக அடுக்கினாள். அவள் நாளை கோயம்புத்தூர் போகிறாள். இளங்கலைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வேண்டும், பொங்கலுக்குத்தான் வர முடியும். அதுவரை பொறுப்பு என்னுடையது.

காலையிலும் மாலையிலும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். பூச்சி வெளியே வந்தால் இலையில் அதன் காலித் தோல் பாதி நீட்டிக்கொண்டு நிற்கும், அதையும் எழுத வேண்டும். ஒரு கண்ணாடியும் கொடுத்தாள், கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்க்கிற சின்ன லென்ஸ்.

"வரலைன்னா வரலைன்னு எழுதுங்க மாமா. இருவத்திநாலுல ஒண்ணுகூட வராட்டியும் பரவால்லீங்க. அதுவும் ரிசல்ட்டுதான்."

என்னிடம் வந்து ஒன்றுகூட வராமல் போகுமா என்று கேட்டேன்.

நவம்பர் 21

காலை 11 டிகிரி. பூச்சி இல்லை. மாலை 13. பூச்சி இல்லை.

நவம்பர் 28

பூச்சி இல்லை.

டிசம்பர் 2

பஸ் ஸ்டாப்பில் போஜன் டீக்கடையில் ஆராய்ச்சி பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியதாயிற்று. டெல்லியில் இருந்து நேரடியாக என் பேருக்கு ஆர்டர் வந்திருப்பதாகச் சொன்னேன். இது பொய் என்று சொல்ல முடியாது, பிருந்தாவின் கைடு டெல்லிக்கு அடிக்கடி போகிற ஆள்தான்.

பன்னிரண்டு நாளாகப் பூச்சி வரவில்லை என்பது எப்படியோ போஜனுக்குத் தெரிந்திருக்கிறது. "ஏன் மாசிலாமணி, நீ பூச்சியப் பாத்து எழுதறியா, இல்ல பூச்சி உன்னப் பாத்து எழுதிட்டிருக்குதா?" என்றான். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

டிசம்பர் 9

வந்துவிட்டது. ஏழாம் நம்பர்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் மூடியின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லென்ஸை வைத்தேன். பழுப்பு இறக்கையில் வெள்ளிக் கோடுகள். நாலு கோடு. ஓரத்தில் பட்டு நூல் பிரிந்த மாதிரி குஞ்சம். இவ்வளவு சின்ன உடம்புக்கு இவ்வளவு வேலைப்பாடு யாரைக் காட்டுவதற்கு என்று தெரியவில்லை. இலையில் காலித் தோல் அவள் சொன்னபடியே நீட்டிக்கொண்டு நின்றது.

உடனே போன் செய்தேன். பிருந்தா பாத்தீங்களா மாமா, பாத்தீங்களா என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தேன், தோலைக் கிழித்து முதலில் தலை, பிறகு ஒரு கால் என்று வந்தது என்றேன். அதையும் நோட்டில் எழுதுங்க என்றாள். எழுதினேன். குளியலறையில் இருந்தேன் என்று எழுதினால் நன்றாகவா இருக்கும்?

டிசம்பர் 22

நேற்றும் இன்றும் உறைபனி. புல்வெளி உப்பு தூவியது போல் கிடக்கிறது. கூடத்தில் 3 டிகிரி. பெட்டிகளைத் தொட்டுப் பார்த்தேன், ஐஸ். இலைக்குள் இருக்கும் குழந்தைகள் என்ன பாடுபடும்? பிருந்தாவைக் கேட்கலாம் என்று நினைத்தேன். ஆனால் விஞ்ஞானி என்றால் சொந்த மூளை வேண்டும்.

படுக்கையறை பீரோவில் கம்பளிகளுக்கும் ஸ்வெட்டர்களுக்கும் நடுவில் இருபத்து மூன்று பெட்டிகளையும் பத்திரமாக வைத்தேன். மூடியில் ஊசித் துளை இருப்பதால் காற்றுக்குக் குறைவில்லை. நல்ல கதகதப்பு. கம்பளியைப் பூச்சி அரிக்கக்கூடாது என்று போன வாரம்தான் புதுப் பாச்சை உருண்டை ஒரு பாக்கெட் போட்டிருந்தேன். இந்த மலையில் அது இல்லாத பீரோ கிடையாது. கதவைத் திறந்தாலே வாசம் ஆளைத் தூக்குகிறது.

டிசம்பர் 26

பூச்சி இல்லை.

டிசம்பர் 30

பூச்சி இல்லை.

ஜனவரி 3

புது டைரி இன்னும் வரவில்லை. பழையதில் காலியாகக் கிடக்கும் ஜனவரிப் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

பெட்டிகளை பீரோவில் இருந்து மறுபடி கூடத்து மேசைக்கு மாற்றினேன். உருண்டைகளைப் பொறுக்கிப் பள்ளத்தில் வீசினேன். கம்பளிகளை வெயிலில் உதறினேன். நல்ல வெயில்.

பிருந்தா போன் செய்து எத்தனை வந்திருக்கிறது என்று கேட்டாள். வந்துட்டு இருக்குது கண்ணு என்றேன். கைடு தினமும் கேட்கிறாராம். பிப்ரவரியில் பெங்களூரில் ஒரு கருத்தரங்கு, அதில் பேசக் குறைந்தது பத்துப் பூச்சியாவது வேண்டுமாம்.

ஜனவரி 5

பதினான்காம் நம்பர் இலையின் கொப்புளத்தை ஒரு ஓரத்தில் குண்டூசியால் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். புழு நூல் மாதிரி கிடந்தது. ஊசி நுனியால் தொட்டேன். அசதியாக இருக்கும். மறுபடி மூடிவிட்டேன். மற்றதைத் திறந்து பார்க்கவில்லை.

ஜனவரி 7

உடம்புக்கு நல்லது என்று விடிந்ததும் பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். அங்கே டியூப்லைட்டுக்குக் கீழே சுவரில் ராத்திரி வந்த பூச்சிகளெல்லாம் குளிரில் நகர முடியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். பெரிது, சின்னது, பழுப்பு, சாம்பல். லென்ஸ் கையில்தான் இருந்தது. சும்மா பார்த்தேன். வெள்ளிக் கோடு உள்ளவைகூட இருக்கின்றன.

ஜனவரி 8

நடந்தேன். ஒரு தீப்பெட்டியும் எடுத்துப் போனேன்.

நோட்டில்: பெட்டி 3, காலை 6.50. பெட்டி 11, காலை 7.05. முதலில் தலை, பிறகு வலது கால். காலித் தோல் நீட்டிக்கொண்டு நின்றது, பிறகு உதிர்ந்துவிட்டது.

ஜனவரி 10

பெட்டி 19, பெட்டி 2, பெட்டி 22.

ஜனவரி 13

மொத்தம் பதினொன்று. ஏழாம் நம்பரையும் சேர்த்து. பொங்கலுக்குத் திருப்பூர் வீட்டுக்குப் போயிருக்கும் பிருந்தாவிடம் போனில் சொன்னபோது பின்னால் கமலவேணியின் குரலும் கேட்டது. அண்ணன் இல்லாட்டி எம் பொண்ணுக்கு யாரு இருக்காங்க என்று அழுதாள். இருபத்து நான்கையுமே வெளியே கொண்டு வந்திருப்பேன், நாள் போதவில்லை.

ஜனவரி 16

பிருந்தா திருப்பூரிலிருந்து அம்மா செய்த அரிசிமுறுக்கோடு வந்தாள். வந்ததும் கையைக்கூடக் கழுவாமல் பெட்டிகளிடம் போனாள். ஒரு மணி நேரம் தலையைத் தூக்கவில்லை. உருண்டை வாசம் அடிக்குதே என்றதற்கு, கம்பளியை உதறினேன், வீடெல்லாம் அதே வாசம்தான் என்றேன். நான் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, இங்க வாங்க. இது ஒரே பூச்சி இல்லீங்க. ஏழுல வந்தது ஒண்ணு. மத்த பத்தும் வேற. கோடு அஞ்சு இருக்குது, சாய்வும் வேற."

என் கைவிரல் வெங்காயத்தோடு நின்றுவிட்டது. அவளோ என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். ஒரே மரத்தில் இரண்டு பூச்சி. ஒன்று கப்பலில் வந்தது, இன்னொன்று நம் ஊரிலிருந்து குடியேறியது. இப்படி நடக்கலாம் என்று அவளே ஒரு வருடம் முன்னால் எழுதியிருந்தாளாம், கைடு கற்பனை என்று அடித்துவிட்டாராம். இப்போது கையில் இருக்கிறது. நோட்டில் உள்ளதைத் தன் பதிவேட்டில் வரிவரியாக எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

சொல்ல வாய் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு முறுக்கை உடைத்து என் வாயில் வைத்தாள்.

இலைகளையும் பெட்டியோடு எடுத்துப் போகிறாள். அதெல்லாம் எதுக்குக் கண்ணு, சருகு, போட்டுட்டுப் போ என்றேன். சாட்சியாச்சே மாமா என்றாள்.

பிப்ரவரி 7

பெங்களூரில் பேசிவிட்டாள். கைதட்டினார்களாம். போஜன் கடையில் இரண்டாயிரம் பேர் எழுந்து நின்று தட்டினார்கள் என்று சொன்னேன். நிஜத்தில் நாற்பது பேர். ஆனால் நாற்பதும் புரொபசர்கள்.

பிப்ரவரி 15

போன் இல்லை.

பிப்ரவரி 21

பிருந்தா சொல்லாமல் வந்தாள். அழுதுவிட்டுக் கழுவாத முகம் எனக்குத் தெரியும். டீ போடட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றாள்.

பெங்களூரில் கூட்டம் முடிந்த பிறகு வடக்கேயிருந்து வந்த பெரியவர் ஒருவர் அவளைத் தனியாக அழைத்து, அந்த ஐந்து கோட்டுப் பூச்சி வேலியோரத்து அவரைச் செடியில் வாழ்வது, ஓக் இலையைத் தொடவே தொடாது என்றாராம். கைடு இலைகளைக் கேட்டார். எல்லோர் முன்னாலும் ஒவ்வொரு கொப்புளமாகத் திறந்தார்களாம். காலித் தோல் ஏழாம் நம்பரில் மட்டும். மற்ற பத்திலும் புழு காய்ந்து கிடந்தது.

"ஒரே எலைக்குள்ள புழு செத்துக் கெடக்குது. அதே எலைல இருந்து பூச்சி பறந்து வந்துச்சுன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். அது எப்படிங்க மாமா?"

ஒரே இலையில் இரண்டு புழு இருந்திருக்கலாம் என்றேன். ஒரு கொப்புளம் உள்ள இலையாகத்தான் பொறுக்கினேன் என்றாள். சரி, குரங்கு வந்து பெட்டிகளைத் திறந்துவிட்டது, அப்போது வெளிப்பூச்சி உள்ளே போயிருக்கும் என்றேன்.

"கொரங்கு திரும்ப மூடி போட்டு வச்சுட்டுப் போச்சுங்களா?"

கேலியாகச் சொல்லவில்லை. பதில் வேண்டித்தான் கேட்டாள். பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். இரண்டு மாதமாகியும் வாசம் போகவில்லை.

எவ்வளவு குறைத்துச் சொல்ல முடியுமோ அவ்வளவு சொன்னேன். குளிராக இருந்தது என்றேன். பீரோ என்றேன். அவள் காத்துக்கொண்டே இருந்ததால் பஸ் ஸ்டாப் சுவரையும் சொன்னேன். அவள் பெட்டியை மூடிப் பைக்குள் வைத்தாள். திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன், எனக்கு அது வரும்.

விசாரணைக் குழு போட்டிருக்கிறார்களாம். அவளே பூச்சியை மாற்றி வைத்தாள் என்று முடிவு செய்தால் படிப்பு ரத்து. உதவிக்கு இருந்தவர் செய்தது, அவளுக்குத் தெரியாது என்று ஆனால் கவனக்குறைவு என்று எழுதிவிட்டு அடுத்த நவம்பரில் மறுபடி செய்ய விடுவார்கள்.

"நீங்க இப்ப சொன்னத அப்படியே எழுதிக் குடுங்க மாமா. ரெண்டு வரி போதும். பீரோல வச்சேன், செத்துப் போச்சு, வேற பூச்சியப் போட்டேன். அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்."

நிதானமாக யோசித்து எழுதுகிறேன், நானே தபாலில் அனுப்பிவிடுகிறேன் என்றேன். குழுவின் விலாசத்தைக் கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் போனாள்.

பிப்ரவரி 23

எழுதினேன். இரண்டு வரி. படித்துப் பார்த்தேன். ஏழு புரொபசர்கள் இதைச் சுற்றி உட்கார்ந்து படிப்பார்கள். பிருந்தாவின் தாய்மாமன் பாச்சை உருண்டைக்கு நடுவில் அந்துப்பூச்சி வளர்த்த ஆள் என்று தெரிந்துகொள்வார்கள். கிழித்தேன்.

மார்ச் 2

முடித்துவிட்டேன். நான்கு பக்கம், நீல மையில். முக்கியமான இடங்கள் சிவப்பில்.

டிசம்பர் 22 அன்று வெப்பம் மைனஸ் ஒன்பதுக்கு இறங்கியது. தண்ணீர்த் தொட்டி வெடித்தது. அந்த அமளியில் சிறுத்தை ஒன்று வளாகத்துக்குள் புகுந்தது. பிருந்தாவின் ஆராய்ச்சியைக் காப்பாற்ற நான் பெட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடியபோது மூடிகள் திறந்துகொண்டன. புழுக்கள் குளிரில் வீரமரணம் அடைந்தன. அப்போது வெளியிலிருந்த பூச்சிகள் தாமாகவே உள்ளே புகுந்திருக்க வேண்டும். அந்தப் பெண் மாசு மறுவற்றவள். பீரோவைப் பற்றி எழுத அவசியம் வரவில்லை.

பதிவுத் தபாலில் அனுப்பினேன். போஸ்ட் ஆபீஸ் கிளார்க் கனத்தைப் பார்த்து, கல்யாணப் பத்திரிகையா என்று கேட்டார். பிருந்தாவிடம் பிரமாதமாக எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். ரெண்டு வரிதானுங்க மாமா என்றாள். ரெண்டு வரிதான் என்றேன்.

மார்ச் 13

கமலவேணி போன் செய்தாள். அன்றைய வெப்பநிலைக் கணக்கு அரசாங்கத்திடம் இருக்கிறதாம், மூன்று டிகிரி. சிறுத்தை பற்றி வனத்துறையிடம் கேட்டார்களாம். அந்தப் பெண் மாமனைப் பிடித்துக் கதை எழுதி வாங்கியிருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நடந்ததைப் பிருந்தா நேரில் சொன்னாளாம், பீரோ, உருண்டை, சுவர், எல்லாம். உங்கள் மாமா ஒன்று சொல்கிறார், நீ ஒன்று சொல்கிறாய் என்றார்களாம். பதிவு ரத்து. மூன்று வருடப் படிப்பு.

"இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்கண்ணா" என்றாள். சத்தமில்லாமல்தான் சொன்னாள்.

மார்ச் 15

கடைக்குப் போகவில்லை.

மார்ச் 18

பிருந்தா தன் புத்தகங்களையும் லென்ஸையும் எடுத்துப் போக வந்தாள். திருப்பூரில் ஒரு டியூஷன் சென்டரில் ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் அறிவியல் எடுக்கிறாளாம், திங்கட்கிழமை முதல். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். வரும் வழியில் சாப்பிட்டேன் என்றாள். புத்தகங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக் கயிறு கட்டினாள். நான் முடிச்சுப் போட விரலை வைத்தேன், வேண்டாம் என்று அவளே போட்டாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அப்பா கடைசியா உங்ககிட்டச் சொன்னதாச் சொல்லுவீங்கல்ல. எம் பொண்ணப் பெரிய படிப்புப் படிக்க வைங்க மச்சான், அவ பேருக்கு முன்னால பட்டம் வரோணும்னு. அது நெசங்களா மாமா?"

நெசம் கண்ணு என்றேன்.

சரிங்க மாமா என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரியில் மச்சான் கிடந்தபோது பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. மூக்கில் குழாய் சொருகியிருந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொள்ளவெல்லாம் இல்லை. பாப்பா சாப்டுச்சா என்று கேட்டார். சாப்பிட்டது என்றேன். சாப்பிட்டதா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

வெளியே வந்ததும் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டு கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார்கள். இவ்வளவுதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.